தூக்கம் யாருக்கு வரவில்லை?

போன மாதம், நான் கடைசியாக வேலை பார்த்த மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சால்வை போட்டார்கள், பழக்கூடை கொடுத்தார்கள். பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், இப்பல்லாம் சில தூக்க மாத்திரை எழுதினாலே, முதல்ல ஈசிஜி எடுன்னு கம்ப்யூட்டர் சிவப்புல கத்துது. எடுக்கப் போனா பேஷன்ட்டும் கத்துறாங்க. தூங்கறதுக்கும் ஹார்ட்டுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நிர்வாகி மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். அடுத்து சிற்றுண்டி. சமோசா ஆறிவிடும் என்பதால் அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் பட்டினப்பாக்கத்துக்காரி. பெயர் பிலோமினா. அம்மா மீன் விற்றுப் படிக்க வைத்தாள். நர்சிங் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றேன், டாக்டர் வந்தால் எழுந்து நிற்கக் கற்றேன், கேள்வி கேட்காமல் இருக்கக் கற்றேன். கடைசிப் பாடத்தில்தான் எங்களுக்கு மதிப்பெண் அதிகம். அறுபதுகளின் கடைசியில் தியாகராய நகரில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சேர்ந்தபோது, அந்த ஒரு தகுதிக்காகவே என்னை எடுத்ததாகப் பெரிய டாக்டர் சொன்னார்.

அவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வோம். சின்ன டாக்டர் என்று அங்கே யாரும் இல்லை. லண்டனில் படித்தவர். சித்திரை வெயிலிலும் டை கட்டுவார். அவர் வார்டுக்குள் நுழைவதற்கு முன்னால் அவருடைய ஓடிகொலோன் வாசனை வந்து கட்டில் கட்டிலாக விசாரித்துவிட்டுப் போகும். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடினார் என்றால், மற்றவர்களுக்குக் கேட்காத சத்தம் அவருக்குக் கேட்கும். அதில் கெட்டிக்காரர்தான். ஆனால் நோயாளி வாயால் போடும் சத்தம் மட்டும் அவர் காதில் விழாது.

அவர் ஓ.பி. பார்க்கும் முறையே தனி. உள்ளே வருகிற நோயாளி செருப்பை வெளியே விட்டோமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பேனா மூடி கழன்றிருக்கும். நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். கண் மட்டும் நோயாளியின் பின்னால் நிற்பவர் மேல் இருக்கும். மனைவி நோயாளி என்றால் கணவனைப் பார்ப்பார். கிழவர் நோயாளி என்றால் மகனைப் பார்ப்பார். "சொல்லுங்க, இவங்களுக்கு என்ன?" என்பார். நிற்பவர் சொல்வார். பெரிய டாக்டர் தலையசைத்து, "ஒண்ணுமில்லை, நெர்வ்ஸ்தான். நிம்மதியா தூங்கணும்" என்பார். பிறகு நோயாளியின் கையைத் தட்டிக்கொடுப்பார். தட்டிக்கொடுத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அந்த அர்த்தம் புரியாமல் வாயைத் திறக்கிறவர்களை எழுப்பி வெளியே கூட்டிப்போவது என் வேலை.

நிம்மதிக்கு அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பின்னாளில் பல நாடுகளில் அதைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அப்போது அது புது வரவு. பெரிய மனநோய்க்கென்று வந்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, பதற்றம், படபடப்பு, மாமியார் மருமகள் சண்டை வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. கம்பெனியின் பிரதிநிதி ஒருவர், சிரித்த முகமாக ஒரு பெண் தையல் வேலை செய்கிற படம் போட்ட காலண்டரோடு வருவார். மயிலாப்பூரிலும் அடையாறிலும் தியாகராய நகரிலும் பெரிய டாக்டரின் கைராசியில் தூங்கியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. கல்யாண வீடுகளில் அவரைப் பார்த்ததும் ஆண்கள் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

பேச்சியம்மாளை அவருடைய கணவர்தான் கூட்டிவந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்தவர். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பெரிய டாக்டர் வழக்கம்போல் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தார்.

"டாக்டரையா, ராத்திரியும் பகலும் ஒரே பேச்சா பேசுதா. வீட்டுல ஒருத்தருக்கும் தூக்கம் கெடையாது. மகளுக்கு மதுரைல நல்ல எடமா அமைஞ்சிருக்கு. மாப்பிள்ளைக்கு ரெண்டு கடை. இவ என்னடான்னா கூடாதுங்கா. புள்ள படிக்கட்டுங்கா. விடிய விடிய அதே பாட்டு."

பேச்சியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தட்டிக்கொடுத்தாயிற்று. நான் எழுப்பினேன்.

சில வாரங்களில் திரும்ப வந்தார்கள். அந்த அம்மாள் பூஜை அறையில் மயங்கி விழுந்திருந்தார். நெர்வ்ஸ் என்று மாத்திரை ஒன்று கூடியது. அடுத்து மாடிப்படியில் விழுந்தார். நெர்வ்ஸ் முற்றிவிட்டது என்று இன்னொன்று கூடியது. விழ விழ மாத்திரை கூடியது, மாத்திரை கூடக் கூட விழுந்தார். இடையில் ரத்த அழுத்தம் இருக்கிறதென்று நீர் பிரிகிற மாத்திரையும் சேர்ந்தது. பேச்சு மட்டும் அறவே நின்றுவிட்டது. "அந்த வகைல நல்ல மாத்திரதான் ஐயா" என்று அண்ணாச்சி சர்டிபிகேட் கொடுத்தார்.

நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கும் நாளில், சொந்தக் கடையில், வாடிக்கையாளர்கள் முன்னால் விழுந்தார். இது அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. அன்று காலையே கொண்டுவந்து சேர்த்தார்.

"இங்க ஒரு மெஷின் இருக்காமே. அதையும் வச்சுப் பாத்துருங்க. ஜவுளிக்கடைக்காரன் பொஞ்சாதிதானன்னு எதையும் கொறைக்காண்டாம்."

மெஷின் என்றால் ஈசிஜி மெஷின். கப்பலில் வந்தது. வெல்வெட் உறை போட்டு, தனி அறையில், வெள்ளிக்கிழமை சந்தனம் குங்குமம் வைத்து வைத்திருந்தோம். நீதிபதிகளும் மில் முதலாளிகளும் வந்தால் உறையை எடுப்போம். அவர்களுக்கு ஒன்றும் இருக்காது. இருந்தாலும் கோடு விழுந்த தாள் பட்டையை மடித்து உறையில் போட்டுக் கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டு போவார்கள். அதை இயக்கத் தெரிந்தது நான் ஒருத்திதான்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒட்டினால் முடிந்தது. அன்று அது ஒரு சடங்கு. முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். பூமிக் கம்பியைத் தண்ணீர்க் குழாயோடு சேர்த்துக் கட்ட வேண்டும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் பசை தடவி, தகட்டை வைத்து, ரப்பர் பட்டையால் இறுக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் நோயாளி நடுங்குவார், நடுக்கமும் கோடாக விழும். தளர்த்தினால் கோடே விழாது. நெஞ்சில் ரப்பர் குமிழை ஒவ்வோர் இடமாக அழுத்தி ஒட்ட வைக்க வேண்டும். பிறகு தாளில் கோடு போடுகிற ஊசி சூடாகக் காத்திருந்து, அளவுக் குறியைப் போட்டுப் பார்த்து, பட்டையை ஓட விட வேண்டும். பேச்சியம்மாள் வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டு, கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்.

பட்டையைப் பெரிய டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாதாரணமாக ஒரு பார்வை பார்த்து, "நார்மல்" என்று நீட்டிவிடுவார். அன்று நீட்டவில்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாலும் இதயம் தன்னைத் திரும்பத் தயார்செய்துகொள்ளும். அதற்கான வளைவு சின்ன மேடு மாதிரி எழுந்து அடங்க வேண்டும். இந்தப் பட்டையில் அந்த மேடு அடங்காமல் இழுத்துக்கொண்டே போய், அடுத்த துடிப்பின் வாசலில் போய் நின்றது.

"ஃபேனை நிறுத்தினியாம்மா?"

"நிறுத்தினேன் சார்."

"எர்த் கம்பி?"

"கட்டியிருக்கு சார்."

"அப்ப மெஷின் கெட்டுப்போச்சு."

மெஷின் கெட்டதா என்று தெரிய ஒரே வழிதான். பெரிய டாக்டர் கோட்டைக் கழற்றிவிட்டு, டையோடு மேஜையில் ஏறிப் படுத்தார். அவர் கணுக்காலில் நான் பசை தடவினேன். அவருக்கு நார்மல். நம்பிக்கை வராமல், கார் டிரைவர் கன்னியப்பனைக் கூப்பிட்டார்.

"இன்னா சிஸ்டர், ஷாக்கு அடிக்குமா? வூட்ல ஒரு வார்த்த சொல்லிட்டாவது வந்திருப்பேனே" என்று கன்னியப்பன் முழித்தார். அவருக்கும் நார்மல்.

நாலாம் அறையில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் தங்கை இருந்தார். அவரும் அதே மாத்திரை சாப்பிடுகிறவர். பெரிய டாக்டர் அந்த அறைக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அவங்களுக்கு எடு" என்றார். எடுத்தேன். அதே இழுப்பு. பேச்சியம்மாளுக்கு இருந்ததைவிடக் குறைவு, ஆனால் அதே இழுப்புதான்.

"அந்த ஜவுளிக்கடை அம்மாவுக்கு இன்னொரு தரம் எடு. நான் பக்கத்தில் நிக்கிறேன்."

இரண்டாம் தடவை பட்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. ஊசி முதலில் ஒரு தடவை தடுமாறியது. பிறகு தாளின் மேல் மேலும் கீழும் அடித்து எழுதத் தொடங்கியது. ரிப்பனை முறுக்கிப் பிடித்தாற்போல், கோடு பெருத்துச் சிறுத்துப் பெருத்து வந்தது. மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் அப்போதும் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் பேச்சியம்மாளின் கண் மேலே செருகியிருந்தது, விரல்கள் இழுத்துக்கொண்டிருந்தன.

அதுவரை வெளியே இதைத்தான் எல்லோரும் மயக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய டாக்டர் கையை மடக்கி நெஞ்செலும்பின் மேல் ஓங்கி ஒரு குத்து விட்டார். பிறகு மேஜையின் மேல் முழங்காலை ஊன்றி ஏறி, இரண்டு கையாலும் அழுத்தத் தொடங்கினார். நான் வாயில் வாய் வைத்து ஊதினேன். அவருடைய டை அந்த அம்மாளின் முகத்தில் விழுந்து விழுந்து எனக்கு இடைஞ்சலாக இருந்தது. அதைப் பிடித்து அவர் தோளுக்குப் பின்னால் எறிந்தேன். வேறொரு நாளாக இருந்தால் அதற்கே என் வேலை போயிருக்கும். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஊசி ஒரு தடவை அடங்கி நின்றது. பிறகு மெதுவாக, வழக்கமான கோட்டை எழுதியது.

பேச்சியம்மாள் கண்ணைத் திறந்தார். மேலே முழங்காலிட்டு, வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த பெரிய டாக்டரைப் பார்த்துப் பயந்துபோய் சேலையை இழுத்து மூடிக்கொண்டார்.

பெரிய டாக்டர் கீழே இறங்கினார். அண்ணாச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கம் பார்க்காமல், அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து, "என்னென்ன மாத்திரைம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்டார். நான் சேர்ந்த நாளிலிருந்து நோயாளியிடமே அவர் கேட்டு நான் கேட்ட முதல் கேள்வி அது.

"நீங்க குடுத்ததத்தான் ஐயா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பெரிய டோஸ்லதான் ஹார்ட்டைத் தொடும்னு படிச்சிருந்தேன்" என்று என்னிடமா, மெஷினிடமா என்று தெரியாமல் சொன்னார். "நீர் மாத்திரை உடம்பிலிருக்கிற பொட்டாசியத்தைக் கழுவிட்டுப் போயிருக்கு. அது குறைஞ்சா துடிப்பு தடுமாறும். அதுக்கு மேல இந்த மாத்திரை. ஒரு பக்கம் நான் கதவைத் திறந்து வெச்சேன், இன்னொரு பக்கம் நானே உள்ளே தள்ளியிருக்கேன்."

சிகிச்சை சிரிப்பாகத்தான் இருந்தது. ஊரிலேயே விலை கூடிய நர்சிங் ஹோமில் அந்த அம்மாளுக்குச் செய்ததெல்லாம் இருந்த மாத்திரைகளை நிறுத்தியது, பொட்டாசியம் கலந்த மருந்து கொடுத்தது, பாண்டி பஜாரிலிருந்து கன்னியப்பன் வாங்கிவந்த இளநீரைக் குடிக்கவைத்தது, காலையும் மாலையும் பட்டை எடுத்தது. நாளுக்கு நாள் அந்த மேடு தன் இடத்துக்குத் திரும்பி வந்தது.

அண்ணாச்சிக்கு இளநீரில் நம்பிக்கை இல்லை.

"மாத்திரதான் காரணம்னா வேற மாத்திர குடுங்க ஐயா."

"எதுக்கு?"

"தூக்கத்துக்குத்தான்."

"உங்களுக்குத் தூக்கம் வரலைன்னு சொன்னது யாரும்மா?" என்று பெரிய டாக்டர் கட்டிலின் பக்கம் திரும்பினார்.

பேச்சியம்மாள் இளநீரை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் நல்லாத்தான் தூங்கிட்டிருந்தேன் ஐயா. வாதாடுததுக்குத்தான் முழிச்சிருந்தேன். பதினேழு வயசுப் புள்ளையக் கொண்டுபோயி முப்பத்தஞ்சு வயசுக்காரன் கையில குடுக்காதீயன்னேன். அதுக்கு எனக்கு வைத்தியம் பாத்தாவ."

அந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். நிச்சயதார்த்தம் தள்ளிப்போனது. தள்ளிப்போனதில் மதுரைக்காரர்கள் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். "தாய்க்கு நெஞ்சு சரியில்லைன்னு ஊரெல்லாம் ஆகிப்போச்சே" என்று அண்ணாச்சி புலம்பினார். அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது பேச்சியம்மாளோடு மகளும் வந்திருந்தாள். பி.எஸ்ஸி. சேர்ந்துவிட்டாளாம். மேஜையில் படுத்து, வளையலை ஏற்றிக்கொண்டு, பட்டை ஓடி முடிகிற வரைக்கும் பேச்சியம்மாள் பேசிக்கொண்டே இருந்தார். கோடெல்லாம் நடுங்கிப்போய், நான் மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது.

மாத்திரைக் கம்பெனிப் பிரதிநிதியிடம் பெரிய டாக்டர் பட்டையைக் காட்டினார். அவர் உச்சுக்கொட்டிவிட்டு, "எங்கேயோ ஒண்ணு அப்படி அமைஞ்சுடும் சார்" என்று சொல்லி, அதே மூச்சில் பையிலிருந்து நீல நிறத்தில் ஒரு புது மாத்திரையை எடுத்து வைத்தார். பெரிய டாக்டர் அவரை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அப்படி யாரையும் அவர் வழியனுப்பிப் பார்த்ததில்லை. கதவை அவரே சாத்தினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கொடுத்த மாத்திரைகளைத் திரும்ப வாங்கிவரக் கிளம்பினோம். பெரிய டாக்டர், நான், ஓட்டுவதற்குக் கன்னியப்பன். சேகரிக்க ஒரு பிஸ்கட் டின்.

மந்தைவெளியில் ஒரு வக்கீல் வீடு. மாத்திரை அவருடைய அப்பாவுக்கு. பெரியவர் கூடத்து நாற்காலியில் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் வக்கீல் கையைக் கூப்பினார்.

"டாக்டர், முன்னெல்லாம் பேப்பரைப் படிச்சுண்டு நாள் பூரா கத்துவார். இப்போ ஆத்துல இருக்கறதே தெரியலை. அதைக் கெடுத்துடாதேள்."

"உங்க அப்பா ஹார்ட் நின்னுபோகலாம் சார்."

"எழுபத்தெட்டு ஆறது டாக்டர்" என்று வக்கீல் குரலைத் தாழ்த்தினார்.

பெரிய டாக்டர் எழுந்து, அலமாரியைத் தானே திறந்து மாத்திரைப் புட்டியை எடுத்து டின்னில் போட்டார். அடையாறில் ஒரு பங்களாவில், வீட்டு அம்மாள் பாதியைத் தான் சாப்பிட்டுவிட்டு மீதியைத் தீபாவளி வெடிச்சத்தத்துக்காக நாய்க்குக் கொடுத்திருந்தார். நாய்க்கும் ஈசிஜி எடுக்க வேண்டுமா என்று கேட்டார். வேறொரு வீட்டில் கேட்டையே திறக்கவில்லை. நாங்கள் கேட்டுப் பார்த்த வீடுகளில் மாத்திரை ஒருவர் வாயில் போயிருந்தது, நிம்மதி இன்னொருவருக்குக் கிடைத்திருந்தது. "இன்னா சார் இது, சாராயத்தக்கூட குடிக்கிறவன்தானே கேட்டு வாங்கினுகீறான்" என்றார் கன்னியப்பன்.

கடைசியாக மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால் ஒரு வீடு. மாத்திரை அந்த வீட்டுக்காரரின் மனைவிக்கு. ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி ஒருவர் கதவைத் திறந்தார். டாக்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ வாங்கோ. அவ போன ஆடியிலேயே போயிட்டாளே. உங்களுக்கு ஞாபகமில்லையா? நீங்கதானே வந்து பார்த்து, ஹார்ட்டுன்னு எழுதிக் குடுத்தேள்."

பெரிய டாக்டர் டின்னை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஐம்பத்திரண்டு வயசு. ஒரு சிரமமும் படலை டாக்டர். தூக்கத்துலயே போயிட்டா. உங்க மாத்திரையைப் போட்டுண்டுதான் படுத்தா. எல்லாருக்கும் கிடைக்குமா அந்த மாதிரி? உங்களை நினைச்சுக்காத நாளில்லை." அவர் உள்ளே போய்த் தன் கையாலேயே காப்பி கலந்து கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டிருந்தார். பெரிய டாக்டர் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். அந்த அம்மாள் மாத்திரையால்தான் போனாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்குப் பட்டை எடுத்ததே இல்லை. நீதிபதியா அவர், மில் முதலாளியா?

காரில் ஏறியதும் கன்னியப்பன், "அடுத்து எங்க சார்?" என்றார். பெரிய டாக்டர் டின்னை மடியில் வைத்து மூடிவிட்டு, "வீட்டுக்கு" என்றார்.

மறுநாள் ஓ.பி.யில் முதலில் வந்தது ஒரு தம்பதி. கணவர் நாற்காலியின் பின்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவளுக்கு டாக்டர்..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க."

கணவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். எழுப்பி வெளியே கூட்டிப்போவது என் வேலையாயிற்றே, கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு வந்தேன்.

பெரிய டாக்டர் பேனா மூடியைத் திறக்கவில்லை. "சொல்லுங்கம்மா. உங்களுக்கு என்ன பண்ணுது?"

அந்த அம்மாள் திரும்பிக் கதவைப் பார்த்தார். "அவரே சொல்லிடுவாரே" என்றார்.

"அவருக்கு என்ன பண்ணுதுன்னு அப்புறம் கேட்டுக்கிறேன்."

அந்த அம்மாள் முந்தானை நுனியைச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் மேஜையின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். காத்திருந்து பழக்கமில்லாதவர், கால் ஆடிக்கொண்டே இருந்தது. நான் வெளியே வந்து, நின்றுகொண்டிருந்த ஆண்களிடம், இனிமேல் டாக்டர் நோயாளியிடம்தான் பேசுவார், அதனால் நேரமாகும் என்று சொன்னேன்.

பாதிப் பேர் வீட்டுப் பெண்களை எழுப்பிக்கொண்டு அடுத்த தெரு டாக்டரிடம் போனார்கள்.